ஒரே போர்டு, இரண்டு ஓவர்ஷூட்: ஸ்கோப்பைத் தூரத்திலிருந்து அளக்கச் சொல்லும்போது என்ன நடக்கிறது?

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் லேபில் ஒரு காலை, எங்களோடு சேர்ந்து சில மாதங்களே ஆன இன்ஜினியர் லேப்டாப்போடு வந்து நின்றார். "சார், நேத்து ஓவர்ஷூட் பன்னிரண்டு சதவீதம் வந்துச்சு. இன்னிக்கு நாலுதான் வருது. போர்டை நான் தொடவே இல்ல." குரோம்பேட்டையில் வீட்டில் இருந்தபடியே, லேபில் இருக்கும் ஸ்கோப்பை, அதாவது மின்சிக்னலை அலையாகத் திரையில் வரைந்து அளக்கும் ஆஸிலோஸ்கோப்பை, தன் பைத்தான் நிரலால் இரவில் ஓட்டியிருந்தார். நிரலிலும் ஒரு வரி மாறவில்லை.

அளந்தது, ஒரு சர்க்யூட் போர்டில் ஓடும் 3.3 வோல்ட் டிஜிட்டல் சிக்னல். அது ஏறும்போது 3.3-ஐ எவ்வளவு தாண்டிப் போகிறது என்பதுதான் ஓவர்ஷூட். 12 சதவீதம் என்றால் உச்சம் ஏறத்தாழ 3.7 வோல்ட்டைத் தொடுகிறது. 4 சதவீதம் என்றால் 3.43 வோல்ட். எதிர்முனையில் இருந்த சிப்பின் டேட்டாஷீட், உள்ளே வரும் மின்னழுத்தம் சப்ளையைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதாவது எல்லை 3.6. ஓர் எண் போர்டை ஃபெயில் செய்கிறது, மற்றது பாஸ் செய்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. முந்தைய நாள் மாலை வேறொருவர் பவர் சப்ளையின் ரிப்பிள், அதாவது மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம், பார்ப்பதற்காக, அந்தச் சேனலில் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஆட்டங்களை அமுக்கும் பேண்ட்விட்த் லிமிட்டை ஆன் செய்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் சிக்னலில் இருந்த ரிங்கிங், அதாவது தாண்டியபின் அடங்கும்வரை வரும் ஆட்டம், 60 மெகாஹெர்ட்ஸ். அந்த வடிகட்டி அதை மூன்றில் ஒரு பங்காக அமுக்கிவிட்டது. ஸ்கோப்பின் முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தால், திரையின் ஓரத்தில் அந்தச் சின்னக் குறியைப் பார்த்திருப்பார்கள். நிரலுக்குக் கண் இல்லை. கேட்ட எண் வந்தது, எழுதிக்கொண்டது.

ஸ்கோப்பை நிரலால் இயக்குவது பற்றிப் பேசும்போது பலரும் கட்டளைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கட்டளை எளிது. ஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் தன்னை அறியாமல் செய்யும் நூறு சரிபார்ப்புகளை நிரலுக்குள் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. அதனால் ஓவர்ஷூட் என்ற அந்த ஓர் எண்ணுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

0-விலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஏறும் சிக்னல் 3.3-இல் போய் நேராக நிற்பதில்லை. கொஞ்சம் தாண்டிப் போய், கீழே இறங்கி, மறுபடி ஏறி, ஆடி அடங்குகிறது. ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் நடுவில் நிற்காமல் தாண்டிப் போகிறதே, அதே இயற்பியல். போர்டில் உள்ள செப்புத் தடமான ட்ரேஸின் இண்டக்டன்ஸும் சிப் உள்ளீட்டின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஆடுகின்றன. தணிப்பு எவ்வளவு குறைவோ, தாண்டல் அவ்வளவு அதிகம். இரண்டாம் வரிசை அமைப்பு ஒன்றில் தணிப்பு விகிதம் 0.7 என்றால் ஓவர்ஷூட் சுமார் 4.6 சதவீதம். 0.5 என்றால் 16. 0.2-க்கு இறங்கினால் 50-ஐத் தாண்டிவிடும். ட்ரேஸ் நீளமாக இருந்தால் இதையே எதிரொலிப்பு என்றும் பார்க்கலாம்: கடைசியில் இருக்கும் உயர் மின்தடை உள்ளீட்டில் அலை மோதித் திரும்பி வருகிறது. அனுப்பும் முனையில் 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதை ஸ்கோப் கணக்கிடும் விதம் காகிதத்தில் ஒரே வரி. உச்ச மதிப்பிலிருந்து மேல்மட்ட மதிப்பைக் கழி, அதை வீச்சால் வகு, நூறால் பெருக்கு. வீச்சு என்பது மேல்மட்டத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். சரி, மேல்மட்டம் எது? சிக்னல் அடங்கி நிற்கும் இடம் என்று நம் கண் உடனே சொல்லிவிடும். ஸ்கோப்புக்கு அது தெரியாது. அது தான் அளந்து வைத்த எல்லாப் புள்ளிகளையும் மின்னழுத்தவாரியாக எண்ணுகிறது. மேல் பாதியில் எந்த மின்னழுத்தத்தில் அதிகப் புள்ளிகள் குவிந்திருக்கின்றனவோ அதை மேல்மட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. மேலே சமதளம் நீளமாக இருந்தால் இது அருமையாக வேலை செய்யும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ரிங்கிங்கைத் தெளிவாகப் பார்க்க நாம் திரையின் ஒரு கட்டத்துக்கான நேரமான டைம்பேஸைச் சுருக்கி, ஏறும் விளிம்பை மட்டும் திரை முழுக்க விரிக்கிறோம். அப்போது திரையில் சமதளமே இருக்காது, ஆட்டம் மட்டும்தான் இருக்கும். புள்ளிகள் எங்கும் தெளிவாகக் குவியாதபோது பல ஸ்கோப்கள் உச்ச மதிப்பையே மேல்மட்டம் என்று வைத்துக்கொள்ளும். அப்புறம் என்ன, உச்சத்திலிருந்து உச்சத்தைக் கழித்தால் சுழியம். கண்ணுக்கு முன்னால் சிக்னல் குதித்துக்கொண்டிருக்க, ஓவர்ஷூட் 0 சதவீதம் என்று பதில் வரும்.

அப்படியென்றால் டைம்பேஸை அகலமாக வைத்துவிடலாமா? அங்கே வேறு பள்ளம். ஸ்கோப்பின் நினைவகத்துக்கு ஓர் அளவு உண்டு. 1 லட்சம் புள்ளிகள் நினைவகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்கு 10 மில்லிசெகண்ட் வைத்தால் பத்துக் கட்டத்துக்கு 100 மில்லிசெகண்ட். இரண்டு புள்ளிகளுக்கு இடையே 1 மைக்ரோசெகண்ட் இடைவெளி. 60 மெகாஹெர்ட்ஸ் ரிங்கிங்கின் ஒரு முழு ஆட்டம் சுமார் 17 நானோசெகண்டில் முடிந்துவிடும். மின்சார ரயில் ஜன்னலிலிருந்து பத்து ஸ்டேஷனுக்கு ஒரு முறை கண்ணைத் திறந்து பார்ப்பது மாதிரிதான் இது. நடுவில் என்ன நடந்தது என்பது தெரியவே தெரியாது. சில மாடல்களில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது: முழு நினைவகத்தில் கணக்கிடாமல், குறைத்தெடுத்த புள்ளிகளில் அளவீட்டைச் செய்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட, நொடிக்கு எத்தனை புள்ளிகள் என்னும் சாம்பிள் வேகத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் உண்மையில் என்ன வேகம் ஓடுகிறது என்று நிரல் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கேட்பதற்குக் கட்டளை இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. விளிம்புக்குப் பிறகு ரிங்கிங் முழுதாக அடங்கி, சமதளம் திரையில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அதே நேரம் ரிங்கிங்கின் ஓர் ஆட்டத்துக்குக் குறைந்தது பத்துப் பதினைந்து புள்ளிகளாவது விழ வேண்டும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்து அமைத்துவிட்டு, அந்த அமைப்பை நிரலில் எண்களாக எழுதிவிடுவது என் வழக்கம். அமைப்புகளை ஸ்கோப்பே தேர்ந்தெடுக்கும் ஆட்டோஸ்கேல் கட்டளையை நிரலில் நான் சேர்ப்பதே இல்லை. அது ஒவ்வொரு முறையும் தனக்குத் தோன்றியதைச் செய்யும். இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

செங்குத்துப் பக்கமும் இதே கதைதான். சாதாரண ஸ்கோப்பில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி 8 பிட், அதாவது 256 படிகள். திரை எட்டுக் கட்டம், ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட் என்றால் ஒரு படி 31 மில்லிவோல்ட். 3.3 வோல்ட்டில் 5 சதவீத ஓவர்ஷூட் என்பது 165 மில்லிவோல்ட், ஐந்து படிதான். ஒரு படி தவறினால் எண் 1 சதவீதம் மாறும். கட்டத்துக்கு அரை வோல்ட் வைத்தால் இதே 165 மில்லிவோல்ட்டுக்குப் பத்துப் படி கிடைக்கும். ஆனால் உச்சி திரையைத் தாண்டி வெட்டுப்பட்டுவிடக் கூடாது. வெட்டுப்பட்டால் ஓவர்ஷூட் குறைவாகத் தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கட்டளைகளுக்கு வருவோம். 1960களின் இறுதியில் ஹியூலெட்-பேக்கர்ட் தன் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க உருவாக்கிய பொதுக் கம்பி இணைப்பான பஸ்தான் 1975-இல் ஐ-ட்ரிபிள்-இ 488 தரமானது. அதைத்தான் ஜிபிஐபி என்கிறோம். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும் அந்தத் தடித்த கனெக்டர்களை கிண்டி தொழிற்பேட்டையின் பழைய டெஸ்ட் லேப்களில் வேலை பார்த்தவர்களுக்குக் கைக்கு நன்றாகத் தெரியும். கம்பி ஒன்றானாலும் பேசும் மொழி கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருந்தது. 1987-இல் வந்த 488.2 பொதுவான இலக்கணத்தையும், 1990-இல் வந்த ஸ்கிப்பி (SCPI) என்ற கட்டளை மொழி பொதுவான சொற்களையும் கொடுத்தன. இன்று கம்பி மாறிவிட்டது, யுஎஸ்பியிலோ லேன் கேபிளிலோ பேசுகிறோம். மொழி அதே ஸ்கிப்பிதான். பைத்தானின் பைவிசா நூலகத்தோடு பத்து வரி எழுதினால் ஸ்கோப் பேசத் தொடங்கிவிடும்.

முதல் வாக்கியம் எப்போதும் 'ஸ்டார் ஐடிஎன்', கூடவே கேள்விக்குறி. "நீ யார்?" என்று கேட்கிறோம். கம்பெனி, மாடல், சீரியல் எண், உள்ளிருக்கும் மென்பொருளின் பதிப்பு என்று நான்கும் வரும். அதை அப்படியே பதிவில் எழுதி வையுங்கள். அடுத்தது 'ஸ்டார் ஆர்எஸ்டி', ரீசெட். எங்கள் கதையில் விடுபட்டது இந்த ஒற்றை வரிதான். அது இருந்திருந்தால் பேண்ட்விட்த் லிமிட் அணைந்திருக்கும். ஆனால் ரீசெட் செய்தபின் எல்லாவற்றையும் நாமேதான் அமைக்க வேண்டும். போர்டைத் தொடும் ப்ரோப் சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் '10 மடங்கு' வகை என்பதைக்கூடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 3.3 வோல்ட் 0.33 ஆகத் தெரியலாம்.

அதன்பின் சிக்னலை ஒரே ஒரு முறை பிடிக்கச் சொல்லி, பிடித்து முடித்ததா என்று உறுதி செய்து, அப்புறம்தான் ஓவர்ஷூட்டைக் கேட்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த நடு அடியில்தான். 'சிங்கிள்' என்று அனுப்பிய அடுத்த கணமே அளவீட்டைக் கேட்டால், பிடிக்க வேண்டிய கணத்தைக் குறிக்கும் ட்ரிகர் வந்திருக்காது. ஸ்கோப் பழைய அலைக்கான பதிலைக் கொடுத்துவிடலாம். அதனால்தான் பிடித்து முடியும்வரை அடுத்த கட்டளையைத் தாமதிக்கும் 'டிஜிடைஸ்' போன்ற கட்டளைகளைச் சில ஸ்கோப்கள் தருகின்றன. அது இல்லாதவற்றில் ட்ரிகர் நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். நடுவில் அரை நொடி தூக்கம் போட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பகலில் ஓடும், என்றைக்காவது இரவில் ட்ரிகர் தாமதமாகும்போது தவறான எண்ணை அமைதியாக எழுதிவிட்டுப் போகும். காத்திருக்கும் நேரத்தையும் பாருங்கள்: பைவிசாவின் இயல்பான அளவு 2 நொடி. மெதுவான அளவீடுகளுக்கு அது போதாது.

அளக்க முடியாதபோது ஸ்கோப் என்ன செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல ஸ்கோப்கள் பிழை என்று சொல்லாது, ஒரு ராட்சத எண்ணைக் கொடுக்கும்: 9.9-ஐப் 10-இன் 37ஆம் அடுக்கால் பெருக்கிய எண், அல்லது 9.91 என்று தொடங்கும் அதன் உடன்பிறப்பு. 99-ஐ எழுதி 36 சுழியங்களைப் போட்டுப் பாருங்கள். இதை வடிகட்டாமல் நானூறு அளவீடுகளின் சராசரியை எடுத்தால், அந்த ஒன்று மற்ற 399-ஐயும் விழுங்கிவிடும். ராட்சத எண் கண்ணில் படுவதால் அதிலாவது தப்பித்துக்கொள்ளலாம். முன்பு சொன்ன 0 சதவீதம்தான் ஆபத்தானது, பார்ப்பதற்கு நல்ல போர்டு மாதிரியே இருக்கும். ஒவ்வொரு தொகுதி கட்டளைக்குப் பிறகும் பிழை வரிசையைக் கேட்டுக் காலி செய்வதும் அவசியம். எழுத்துப் பிழையோடு அனுப்பிய கட்டளையை ஸ்கோப் −113 என்ற எண்ணோடு உள்ளே எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். நாம் கேட்காவிட்டால் அது சொல்லாது.

ஓவர்ஷூட்டுக்கே உரிய இன்னொரு பலவீனம் இருக்கிறது. ரைஸ் டைம் (ஏறும் நேரம்), அலைவெண் போன்றவை பல புள்ளிகளைச் சார்ந்தவை. ஓவர்ஷூட்டோ உச்சம் என்ற ஒரே புள்ளியின் மேல் நிற்கிறது. சிக்னலில் இரைச்சல் இருந்தால், மிக மேலே போன புள்ளியைத்தான் ஸ்கோப் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரைச்சல் இந்த எண்ணை எப்போதும் கூட்டியே காட்டும். பல பிடிப்புகளைச் சராசரியாக்கும் ஆவரேஜ் முறையைப் போட்டால் இரைச்சல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஆயிரத்தில் ஒரு முறை வரும் பெரிய தாண்டலும் அதில் கரைந்து போகும், ட்ரிகர் கொஞ்சம் ஆடினால் ரிங்கிங்கே மழுங்கிவிடும். அதனால் நூறு தனித்தனிப் பிடிப்புகள் எடுத்து, நூறு எண்களையும் வைத்துக்கொண்டு பரவலைப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கையால் இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. நிரல் உண்மையிலேயே நமக்கு உதவுவது இங்கேதான்.

ப்ரோப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் தூரத்திலிருந்து சரிசெய்யவே முடியாத ஒரே பகுதி அதுதான். ப்ரோப்போடு வரும் 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் கிளிப் கம்பிக்குத் தோராயமாக 150 நானோஹென்றி இண்டக்டன்ஸ். ப்ரோப் முனையின் 10 பிகோஃபேரட்டோடு சேர்ந்தால் 130 மெகாஹெர்ட்ஸ் அருகே தானே ஆடும். போர்டில் இல்லாத ரிங்கிங்கை அளக்கும் கம்பியே உண்டாக்கிவிடுகிறது. கிளிப்பைக் கழற்றிவிட்டு, முனையின் உலோக வளையத்தில் வெறும் செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு சென்டிமீட்டருக்குள் கிரவுண்டைத் தொட வைத்தால் அந்தப் போலி ஓவர்ஷூட் பெருமளவு போய்விடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஸ்கோப் வாங்கி வீட்டில் வேலை பார்க்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அதோடு, ஸ்கோப் முகப்பில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் ப்ரோப்பை மாட்டி, திருகைத் திருப்பி மூலைகளைச் சதுரமாக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரி லேப்களில் ஸ்கோப்பை இன்னும் 'சிஆர்ஓ', அதாவது கேத்தோடு-ரே குழாய் வைத்த ஆஸிலோஸ்கோப், என்றுதான் சொல்கிறோம், அந்தக் குழாய் போய்ப் பல வருடங்கள் ஆனபிறகும். ப்ரோப் திருகு மட்டும் அன்று போல இன்றும் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கிறது.

தூரம் என்பதிலும் ஒரு எச்சரிக்கை. லேன் வழியாக ஸ்கிப்பி பேசும் வாசலுக்குப் பொதுவாகக் கடவுச்சொல்லே கிடையாது. யார் இணைந்தாலும் ஸ்கோப் கீழ்ப்படியும். எனவே அதை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக லேபில் ஒரு கணினிக்குள் போய், அங்கிருந்து நிரலை ஓட்டுவது நல்லது. இரவில் நெட் துண்டித்தாலும் அளவீடு நிற்காது. மின்தடைக்கும் ஏற்பாடு வேண்டும். கரண்ட் போய்த் திரும்ப வந்தாலும், பொத்தானை யாராவது அழுத்தினால்தான் எழுந்திருக்கும் ஸ்கோப்கள் உண்டு. மே மாத இரவில் இதற்காக அம்பத்தூருக்கு வண்டி எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், யுபிஎஸ்ஸில் ஸ்கோப்பையும் சேருங்கள்.

அந்த இன்ஜினியர் நிரலைத் திருத்தி எழுதினார். ரீசெட், எல்லா அமைப்புகளையும் எழுதுவது, எழுதியதைத் திரும்பக் கேட்டு ஒப்பிடுவது, நூறு பிடிப்புகள். நான் ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்டேன்: "எண்ணை மட்டும் எடுக்காதம்மா, அலையையும் சேர்த்து இறக்கு." ஸ்கோப் அதைப் பைனரியாகத் தரும். முதலில் ஹேஷ் குறி, அடுத்து ஓர் இலக்கம், அந்த இலக்கம் சொல்லும் எண்ணிக்கையில் நீளத்தைக் குறிக்கும் இலக்கங்கள், அதன்பின் தரவு. கூடவே வரும் முன்னுரை எண்களைக் கொண்டு அதை வோல்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு பிடிப்புக்குச் சில ஆயிரம் பைட்டுகள்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு அது பாரமே இல்லை.

33 ஓம் ரெசிஸ்டர் போட்ட போர்டை வெப்பநிலைச் சேம்பரில் வைத்து, −10 டிகிரியிலிருந்து 50 டிகிரி வரை ஓர் இரவு முழுக்க ஓட்டினோம். காலையில் பட்டியல் நன்றாக இருந்தது, 3 சதவீதத்தை ஒட்டியே எல்லாம். நாலு மணிக்குச் சற்று முன்னால் மட்டும் மூன்று எண்கள் 9-ஐத் தொட்டிருந்தன. பழைய நிரலாக இருந்தால் குளிரில் ரெசிஸ்டர் மாறிவிட்டதா, சிக்னலை அனுப்பும் டிரைவர் சிப் வேகமாகிவிட்டதா என்று ஒரு வாரம் தேடியிருப்போம். அவர் அந்த மூன்று அலைகளையும் திறந்தார். விளிம்புக்குப் பக்கத்தில் எல்லாம் அமைதியாக இருந்தது. ஸ்பைக் இருந்தது அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, சமதளத்தின் நடுவில், ஒற்றைப் புள்ளியாக. நேரத்தைச் சேம்பரின் பதிவோடு ஒப்பிட்டார். மூன்று முறையும் அதன் கம்ப்ரஸர் ஆன் ஆன நொடி அது. சேம்பரின் பிளக்கை வேறு லைனுக்கு மாற்றிவிட்டு, அன்றிரவே மறுபடி ஓட்டினோம்.